தோட்டப்புற ஊரில் முடியில்லாப் பூனை வளர்ப்பது எப்படி

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. இளநீலச் சாயம் அடித்த அந்தச் சுவரில் கதவு மூலையில் தொடங்கும் கோடு, சாமி மேடையைக் கடந்து சமையலறை வாசலில் முடிகிறது. எங்கள் பூனை வத்தல், நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் சுவரை உரசிக்கொண்டே சாப்பிடப் போய்வந்ததில் விழுந்த தடம் அது. முடியில்லாப் பூனை வாங்க வேண்டும் என்று விசாரிக்க வருகிறவர்களை நான் முதலில் அந்தச் சுவரின் அருகில்தான் அழைத்துச் செல்கிறேன். முடி கொட்டாது, வீடு சுத்தமாக இருக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே தெளிந்துவிடுகிறார்கள்.

எல்லாப் பூனைகளின் தோலிலும் எண்ணெய் சுரக்கிறது. மற்றப் பூனைகளில் அந்த எண்ணெயை முடி வாங்கிக்கொள்ளும். பூனை நாள் முழுவதும் நக்கி அதைப் பரப்பித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். முடியில்லாப் பூனைக்கு எண்ணெய் சுரப்பது நிற்பதில்லை, வாங்கிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. ஆகையால் அது தோலிலேயே தங்கி, தூசியோடு சேர்ந்து பிசுபிசுப்பான அழுக்காகி, பிறகு சுவருக்கும் மெத்தைக்கும் உங்கள் சட்டைக்கும் இடம் மாறுகிறது. எண்ணெயை வாங்கிக்கொள்வது ஒன்றுதான் முடியின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. வெயிலைத் தடுப்பது, கொசுவைத் தடுப்பது, கண்ணிலும் காதிலும் தூசி விழாமல் காப்பது, உடம்புச் சூட்டை அடக்கி வைப்பது என்று அது சத்தமில்லாமல் செய்துவரும் வேலைகள் பல. முடியில்லாத பூனையை வாங்கினால் அவை அத்தனையும் வீட்டுக்காரர் தலையில் விழும். அந்த வேலைகளை, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட் போன்ற வெக்கையும் ஈரமும் நிறைந்த ஓர் ஊரில் எப்படிச் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன். குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றி நான் பட்ட பாட்டை நீங்களும் படத் தேவையில்லை.

வாங்குவதற்கு முன்

முடியில்லாப் பூனை இனமான ஸ்பிங்ஸின் பெயரைக் கேட்டதும் எகிப்திலிருந்து வந்த பூனை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது கனடாவில் தோன்றியது. 1966இல் டொரோண்டோ நகரில் சாதாரண வீட்டுப் பூனை ஒன்று ஈன்ற குட்டிகளில் ஒன்று முடியில்லாமல் பிறந்தது. அதற்கு ப்ரூன் என்று பெயரிட்டார்கள். காய்ந்து சுருங்கிய பிளம் பழத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று தெரிந்தபோது, எங்கள் அம்மா எங்கள் பூனைக்கு வத்தல் என்று பெயர் வைத்ததில் எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது. ப்ரூனின் வம்சம் நிலைக்கவில்லை. இன்று உலகெங்கும் உள்ள ஸ்பிங்ஸ் பூனைகள், 1970களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் மீண்டும் டொரோண்டோவிலும் கிடைத்த பூனைகளின் வழிவந்தவை. முடிக்கு வேண்டிய கெரட்டின் புரதம் ஒன்றை உருவாக்கும் கே.ஆர்.டி. 71 என்னும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே இதற்குக் காரணம். அது ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் குட்டி முடியில்லாமல் பிறக்கும். ரஷ்யாவில் 1987இல் தொடங்கிய டான்ஸ்காய் என்ற இன்னொரு முடியில்லா இனமும் உண்டு. அதன் மரபணு வேறு, அது ஓங்கு பண்பு, தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். விற்பவரிடம் இது இரண்டில் எது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் அவர் விழித்தால் அவரிடம் குட்டியும் வாங்க வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

முடியில்லாப் பூனை என்றாலும் உண்மையில் அது முழு மொட்டை இல்லை. உடம்பெங்கும், குறிப்பாக மூக்கின் மேலும் காதின் பின்புறமும், இளம் வெண்டைக்காயின் சுணை போன்ற பிஞ்சு முடி இருக்கும். தொட்டால் அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த வேட்டியைத் தொட்டதுபோல் இருக்கும். மீசை முடி அறவே இருக்காது, இருந்தாலும் குட்டையாக முறுக்கிக்கொண்டு இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வது பணத்தையும் காப்பாற்றும். கனடாவின் அல்பர்ட்டா மாநிலத்தில் 2016இல் சாதாரணக் குட்டிகளின் முடியை மழித்து ஸ்பிங்ஸ் என்று விற்று ஏமாற்றிய செய்தி வெளிவந்தது. தோலில் சவரத் தடிப்பும், முகத்தில் நீண்ட நேரான மீசையும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கைப்பேசிப் படத்தைப் பார்த்து வாங்காமல் நேரில் போய், தாய்ப் பூனையையும் பார்த்து, 12 வாரம் நிறைந்த குட்டியாக வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்ற பூனைகளுக்கு இதய ஸ்கேன் எடுத்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீசையும் முடியும் இல்லாமல் ஓர் உயிரை வேண்டுமென்றே பிறக்கவைப்பது சரியா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்திருக்கிறது. நெதர்லாந்து 2026 ஜனவரி 1 முதல் முடியில்லாப் பூனைகளைப் புதிதாக வாங்கி வளர்ப்பதைத் தடை செய்துவிட்டது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். வத்தலை வாங்கும்போது எனக்கு இது தெரியாது. இன்று என்றால், வளர்க்க முடியாமல் யாராவது விட்டுவிட்ட வளர்ந்த பூனை கிடைக்கிறதா என்று முதலில் தேடியிருப்பேன். வீட்டில் குட்டி போடவைக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஐந்தாறு மாத வயதில் கருத்தடை செய்துவிடுவது நல்லது. அறுவைக்கு முன் இரத்த வகையையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இனத்தில் பி வகை இரத்தம் சாதாரணப் பூனைகளில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது, அவசரத்துக்கு மாற்று வகை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

குளியல்

பூனையைக் குளிப்பாட்டுவது என்பது நம் ஊரில் கேலிக்குரிய விஷயம். முடியில்லாப் பூனைக்கோ அதுதான் முதல் கடமை. வாரம் ஒருமுறை போதும். நான் தொடக்கத்தில் இரண்டு நாளுக்கொருமுறை குளிப்பாட்டினேன். தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, முன்பைவிடப் பிசுபிசுப்பானதுதான் மிச்சம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியல், நடுவில் புதன்கிழமை ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

முதல் மூன்று குளியல்களும் போர்க்களமாகவே முடிந்தன. மஞ்சள் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி, குறிப்பில் சொன்னபடி பூனையை அதற்குள் இறக்கினேன். வழுக்கும் பிளாஸ்டிக்கில் கால் நிற்காமல் அது என் முழங்கை வரை கீறிவிட்டு அலமாரியின் மேல் ஏறிக்கொண்டது. நான்காவது வாரம் பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா வந்தார். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதியைக் குளிப்பாட்டியவர் அவர். பேசினை ஓரமாகத் தள்ளச் சொன்னார். தாழ்வான பலகையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி, கணுக்காலின் பக்கம் தலை வரும்படி பூனையைக் குப்புறப் படுக்கவைத்தார். இடக்கை மார்புக்குக் கீழே தாங்கியிருக்க, வலக்கையால் குவளைத் தண்ணீரைத் தோளிலிருந்து வால் நோக்கி வழியவிட்டார். பூனை ஒருமுறை முனகியதோடு சரி, நகங்கள் அவருடைய கைலியில் கோத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. காலுக்குக் கீழே பிடிமானம் இருந்தால் பூனை பயப்படாது என்பதே இதிலுள்ள சூட்சுமம். காலை நீட்டி உட்கார முடியாதவர்கள் பேசினுக்குள் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டாலும் போதும்.

தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். முழங்கையை வைத்துப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் என்பதால் குளிர்ந்த தண்ணீர் அதற்கு ஆகாது. பூனைக்கென்று விற்கும் வாசனையில்லாத ஷாம்பூவில் ஒரு சிறு கரண்டி அளவைத் தண்ணீரில் கலக்கி, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, விரல்களுக்கு நடுவில் என்று மடிப்பு மடிப்பாக விரலால் தேயுங்கள். நுரை பழுப்பாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு இருமுறை நன்றாக அலச வேண்டும். குளித்ததும் பூனை தன்னை நக்கத் தொடங்கும், ஷாம்பூ மிச்சமிருந்தால் அது வயிற்றுக்குள்தான் போகும். சீயக்காய், மஞ்சள், வேப்பிலை அரைத்த விழுது எதுவும் வேண்டாம். பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டலாமே என்று ஊரில் பத்துப் பேர் சொல்வார்கள். எண்ணெய்தான் இந்தப் பூனையின் பிரச்சினையே என்று பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். குளித்த குழந்தைக்குப் போல் சாம்பிராணிப் புகை காட்டவும் பெரியம்மா ஆசைப்பட்டார். பூனையின் மூச்சுக்குழாய்க்குப் புகை ஆகாது என்று சொல்லி அதை மட்டும் தடுத்தேன்.

துடைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மடிப்புக்குள் தங்கும் தண்ணீர் தானாகக் காயாது; அக்குளிலும் விரல் இடுக்கிலும் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறி நேராகப் படாத இடத்தில் மடியில் கால் மணி நேரம் வைத்திருங்கள். புளித்த மாவு வாடை வந்தாலோ, சிவந்த புள்ளிகளோடு பூனை ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தாலோ, அது குளியல் தீர்க்கக்கூடிய அழுக்கில்லை என்று புரிந்துகொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காது, நகம், கண்

காதுக்குள் முடி இல்லாததால் தேன் நிற மெழுகு வாரந்தோறும் சேரும். பூனைக் காதுக்கான கரைசலைப் பஞ்சில் நனைத்து, உங்கள் சுண்டுவிரல் எட்டும் தூரம் மட்டும் துடையுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடக் கூடாது. மெழுகு காப்பித்தூள் போலக் கறுத்து உதிர்ந்து, பூனை தலையை உதறிக்கொண்டே இருந்தால் அது காதுப் பேனாக இருக்கலாம். நகக்கண்ணிலும் இதே மெழுகு கறுப்பாக அடைந்துகொள்ளும். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், ஈரப் பஞ்சால் அதன் அடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, நுனியை மட்டும் வெட்டுங்கள். கண்ணுக்கு இமை முடி இல்லை. காலையில் கண்ணோரம் பீளை சேர்ந்திருப்பது இயல்பு, நிறமற்றதாக இருக்கும் வரை கவலையில்லை, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் காட்டிவிடுங்கள்.

சட்டை, படுக்கை, சூடு

டிசம்பர் மழையில் வத்தல் சுருண்டு கிடப்பதைப் பார்த்து மனம் இளகி, கம்பளிச் சட்டை ஒன்றை இணையத்தில் வாங்கிப் போட்டேன். குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தன. ஒரே வாரத்தில் இரண்டு அக்குளிலும் செந்தடிப்பு கண்டது. கம்பளி எண்ணெயையும் வியர்வை போன்ற ஈரத்தையும் தோலோடு அணைத்து வைத்துவிட்டது. பேராக்கில் மழைக்கால இரவுகூடப் பெரும்பாலும் 23 டிகிரிக்குக் கீழே போவதில்லை. சட்டை தேவையே இல்லை. ஏர்கோன் போட்டுத் தூங்குகிற வீடாக இருந்தால் 26 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, புகுந்துகொள்ள ஒரு போர்வையும் போட்டுவிட்டால் போதும். பழைய கைலியை மடித்துப் போட்டதைவிட நல்ல படுக்கை எந்தக் கடையிலும் கிடைக்காது. பருத்தித் துணி, எண்ணெயை வாங்கிக்கொள்ளும், இரண்டு நாளுக்கொருமுறை துவைத்துக் காயப்போடலாம், கிழிந்தால் வருத்தமும் இல்லை. வெள்ளை மெத்தை விரிப்புகளை விருந்தாளிகளுக்காக எடுத்து வைத்துவிடுங்கள். அப்பா கோயிலுக்கு உடுத்தும் வெள்ளை வேட்டியில் ஒருநாள் வத்தல் தூங்கி எழுந்தது. சுருண்டு படுத்த பூனையின் உருவம், வால் உட்பட, பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. அந்த வேட்டி இன்று வத்தலின் சொத்து.

இந்தப் பூனை சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும் என்பதை மறக்கவே கூடாது. சோற்றுப் பானையின் மூடி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள டிகோடர் பெட்டி என்று ஒவ்வொரு இடத்தையும் அது கண்டுபிடித்துவிடும். டிகோடர் மேல் படுத்தால் வீட்டாருக்கு நாடகம் தடைப்படும், அதோடு போயிற்று. அடுப்பும் விளக்கும் அப்படியில்லை. மற்றப் பூனைக்குப் பொசுங்கும் முடி வாடையாவது எச்சரிக்கை தரும். இதற்கு நேராகத் தோல் வெந்துவிடும். சாமி மேடை விளக்கை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள், அல்லது கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள். தீபாவளிக்கு வாசலில் அகல் வரிசை ஏற்றும் மூன்று மணி நேரமும் பூனை அறைக்குள் பூட்டியிருக்கட்டும், பட்டாசுச் சத்தத்துக்கும் அதுவே நல்லது.

பகலில் கதை தலைகீழாகும். தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் வீடு கொதிக்கும்போது, முடியில்லாததால் அதற்கு வெக்கை தெரியாது என்று எண்ண வேண்டாம். சிமெண்டுத் தரை, காற்றோட்டம், இரண்டு இடத்தில் தண்ணீர் ஆகியவை இருக்க வேண்டும். பூனை வாயைத் திறந்து நாய்போல் மூச்சு வாங்கினால் ஈரத் துணியால் உடம்பை ஒற்றியபடியே மருத்துவரிடம் விரையுங்கள்.

வாசலுக்கு வெளியே

முடியில்லாப் பூனையை வெளியே அலையவிடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வெயில் முதல் காரணம். இளஞ்சிவப்புத் தோல் அரை மணி நேரத்திலேயே கன்றிவிடும். தொடர்ந்து வெயில் பட்டால் தோல் புற்றும் வரக்கூடும். நமக்குள்ள வெயில் தடுப்புக் களிம்பைத் தடவவும் கூடாது, அதிலுள்ள துத்தநாகமும் சாலிசிலேட்டும் நக்கினால் நஞ்சு. காலை எட்டு மணிக்கு முன் சன்னலோரம் பத்து நிமிடம் படுத்தால் போதும், அதற்குமேல் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

கொசு இரண்டாவது. சன்னல்களுக்கு வலை அடிப்பதுதான் சரியான வழி. கொசு மருந்துகளையும் உண்ணி மருந்துகளையும் வாங்கும்போது பெர்மெத்ரின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்குக் கழுத்தில் விடும் உண்ணி மருந்து பலவற்றில் அது உண்டு. நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையை வலிப்பு வந்து சாகவைத்துவிடும், ஏனென்றால் அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. முடியில்லாத தோலில் தடையும் இல்லை. வீட்டில் நாயும் இருந்தால், நாய்க்கு மருந்து போட்ட நாளில் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தோட்டம் மூன்றாவது. எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பின்வேலியைத் தாண்டினால் செம்பனைக் காடு. அங்கே எலிக்கு வைக்கும் விஷக் கட்டியைத் தின்ற எலியைப் பூனை தின்றால், இரண்டு மூன்று நாள் கழித்துதான் ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியத் தொடங்கும். அப்போதும் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்பதால் நேரத்தைக் கடத்தக் கூடாது. கூகைகளுக்குக் கூண்டு வைத்து எலியைக் கட்டுப்படுத்தும் தோட்டங்களும் நம் நாட்டில் உண்டு. உங்கள் பக்கத்துத் தோட்டம் எந்த வழியைப் பின்பற்றுகிறது என்று அங்கே வேலை செய்யும் அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். களைக்கொல்லி அடித்த புல்லில் நடந்து வந்து பூனை பாதத்தை நக்குவதும், மலைப்பாம்பும், தெருப் பூனைகளோடு சண்டையும் சேர்ந்தே வரும். மலேசியாவில் பூனைகளிடையே பரவலாகக் காணப்படும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்னும் பூஞ்சை நோய், நோயுள்ள பூனையின் ஒரு கீறலிலேயே தொற்றும், மனிதர்களுக்கும் தொற்றும். ஆறாத புண் எதுவாக இருந்தாலும் வெறுங்கையால் தொடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உணவும் மருந்துப் பெட்டியும்

உடம்புச் சூட்டைக் காக்க முடி இல்லாததால் இது சாதாரணப் பூனையைவிட அதிகம் தின்னும். நான்கு கிலோ எடையுள்ள வத்தல், பக்கத்து வீட்டு ஐந்து கிலோக் கடுவனைவிடக் கூடுதலாகத் தின்றும் மெலிந்தே இருக்கிறது. சோற்றில் நெத்திலியைப் பிசைந்து வைப்பது நம் வழக்கம். அது மட்டுமே உணவானால் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பது 1987இல் அமெரிக்க ஆய்வில் வெளிப்பட்டது, கண் பார்வையும் போகும். ஆகவே முழுச் சத்துள்ள பூனை உணவே அடிப்படையாக இருக்கட்டும். உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழியும் கெம்போங் மீனும் ஆசைக்கு. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு ஒரு துளியும் ஆகாது.

தைலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வருடம் மழைநாள் ஒன்றில் நான் வேலைக்குப் போயிருந்தபோது, பூனை நடுங்குகிறது என்று வீட்டில் ஒருவர் பாசத்தோடு கற்பூர வாசனைத் தைலத்தை அதன் நெஞ்சில் தேய்த்துவிட்டார். நான் வந்தபோது வத்தல் வாயில் நுரை தள்ளித் தள்ளாடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டு முப்பது கிலோமீட்டர் தூரம் ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன், பிழைத்துவிட்டது. தைலத்திலுள்ள கற்பூரம், யூகலிப்டஸ், சாலிசிலேட் எல்லாமே பூனைக்கு நஞ்சு, முடியில்லாத தோல் அவற்றைத் தடையின்றி உறிஞ்சும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமோல் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வீட்டிலுள்ள பாட்டி முதல் பேரன் வரை எல்லாருக்கும் இதைச் சொல்லி வைப்பது, எந்தத் தடுப்பூசிக்கும் குறைந்ததில்லை. தடுப்பூசியும் தவறாமல் போட வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொறி பிடித்த பூனையை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று முதல் ஆறு மாதம் எங்கள் தெருவில் பேச்சு இருந்தது. கோபப்பட்டுப் பயனில்லை, பூனையை அவர்கள் மடியில் ஒருமுறை வைத்துவிடுங்கள், அந்தச் சூட்டுக்கு மயங்காதவர்கள் குறைவு. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். முடியில்லாததால் தும்மல் வராது என்று விற்பவர்கள் சொல்வது தவறு. ஒவ்வாமையைத் தரும் ஃபெல் டி 1 என்ற புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும்தான் இருக்கிறது. வாங்குமுன் அந்தப் பூனையோடு இரண்டு மூன்று தடவை, மணிக்கணக்கில் இருந்து பாருங்கள். கணவனும் மனைவியும் காலையில் தொழிற்சாலை வேனில் ஏறினால் இரவில் திரும்பும் வீடாக இருந்தால், இந்தப் பூனை வேண்டாம் என்பதே என் கருத்து. ஆள் துணையில்லாமல் இது ஏங்கிப்போகும்.

இதயம்

ஸ்பிங்ஸ் பூனைகளைக் கொண்டுபோகும் நோய்களில் முக்கியமானது, இதயத் தசை தடித்துப்போகும் ஹைப்பர்டிராபிக் கார்டியோமையோபதி. வெளியே எதுவும் தெரியாது. துள்ளிக்கொண்டிருந்த பூனை திடீரென்று மூச்சுத் திணறும், அல்லது இரத்தக்கட்டி அடைத்துப் பின்னங்கால்கள் இரண்டும் சில்லிட்டு விழுந்துவிடும். மருத்துவர் காதில் மாட்டிக் கேட்கும் கருவிக்கு எல்லா நேரமும் இது பிடிபடாது. ஒரு வயது முடிந்ததும் ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கொருமுறை இதய ஸ்கேன் எடுப்பதே வழி. ஈப்போவில் எடுக்கும் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்து வையுங்கள். இல்லையென்றால் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை வரை, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் போகத் தயாராக இருக்க வேண்டும். பூனையின் விலையைக் கேட்கும்போதே இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட காலத்தில் காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூனை ஆழ்ந்து தூங்கும்போது, நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். முடியில்லாததால் விலா எலும்புகளின் அசைவு தெளிவாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முடியில்லாமை நமக்கு உதவுகிறது. 30க்குக் கீழே இருந்தால் நல்லது. சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணியும் அதற்கு மேலேயே இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். எங்கள் சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் பக்கத்தில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் ஓர் எண் எழுதியிருக்கும். நேற்றிரவு எழுதியது 22.